சீக்கு வந்த கோழியை வீட்டில் கவனிப்பது எப்படி?

(குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேச வேண்டிய பாடம்)



மாடு வாங்கக் குழுவில் கடன் கேட்கிறோம். ஆடு வாங்கவும் கேட்கிறோம். கோழிக்காக யாரும் தீர்மானம் போட்டுக் கடன் எடுப்பதில்லை. ஆனால் பிள்ளைக்கு நோட்டு வாங்க, ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற, சேமிப்புப் பணம் கட்ட என்று அவசரத்துக்கு நம் கைக்குக் காசு தருவது முற்றத்துக் கோழிதான். அந்தக் காசுக்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாட்டுக்கோழி ஒரு தடவை முட்டை விட ஆரம்பித்தால் 10 முதல் 15 முட்டை வரை விடும். அடை வைத்தால் 21ஆம் நாள் குஞ்சு. அதனால் ஒரு தாய்க்கோழி செத்தால் போவது ஒரு கோழி மட்டும் இல்லை. அடுத்த ஆறு மாத வரவும் அதோடு போகிறது.

"கோழி தூங்குது, நாளைக்குப் பாப்போம்" என்று விட்டுவிடுகிறோம். மறுநாள் அது விறைத்துக் கிடக்கும். கோழி தன் நோயை முடிந்தவரை மறைக்கும். பலவீனமாகத் தெரிந்தால் மற்ற கோழிகள் கொத்தும், பருந்தும் காக்கையும் குறி வைக்கும். நம் கண்ணுக்கே நோய் தெரிகிறது என்றால் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று அர்த்தம். முதல் நாளில் நாம் செய்வதுதான் கோழியைக் காப்பாற்றும்.

முதலில் ஒரு கேள்வி: ஒரு கோழியா, பல கோழியா?

மருந்தைத் தேடும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

ஒரே ஒரு கோழி மட்டும் சோர்ந்திருக்கிறது, மற்றவை நன்றாக மேய்கின்றன என்றால் வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். அடிபட்டது, முட்டை சிக்கியது, தீனி அடைத்தது, புழு, பேன் இப்படி ஏதாவது இருக்கும்.

ஒரே நாளில் அல்லது அடுத்தடுத்த நாளில் இரண்டு, மூன்று கோழி விழுந்தால் அது வீட்டு வைத்தியத்தில் அடங்காது. ஊருக்கே வரப்போகிற தொற்று நோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். 1962 என்ற இலவச எண்ணிலும் கூப்பிடலாம். கூண்டைத் திறக்காதீர்கள். எந்தக் கோழியையும் வெளியே விற்கவோ கொடுக்கவோ வேண்டாம்.

தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்

டாக்டர் வரும்வரை நாமே பார்க்கக்கூடியவை நிறைய உண்டு.

கொண்டை: நல்ல கோழிக்குச் சிவப்பாக இருக்கும். வெளுத்திருந்தால் இரத்தம் குறைவு. புழு, பேன், உண்ணி இருக்கலாம். நீலமோ கறுப்போ ஏறியிருந்தால் ஆபத்து.

நெஞ்செலும்பு: நெஞ்சின் நடுவே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை இருந்தால் நோய் புதிது. எலும்பு கத்தி முனை மாதிரி கூர்மையாகத் தட்டுப்பட்டால் பல நாளாகவே உள்ளுக்குள் மெலிந்து வந்திருக்கிறது.

தீனிப்பை: கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் மேல் பக்கம் இருக்கும். ராத்திரி நிறைந்திருக்கும், காலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல் மாதிரி இருந்தால் தீனி அடைத்திருக்கிறது.

எச்சம்: "எச்சத்தில் வெள்ளை இருக்கு" என்று சிலர் பயப்படுவார்கள். கோழிக்குத் தனியாக மூத்திரம் கிடையாது. அந்த வெள்ளைதான் அதன் மூத்திரம். கெட்டியான எச்சத்தின் மேல் கொஞ்சம் வெள்ளை இருப்பது இயல்பு. தண்ணீராகப் பச்சையும் வெள்ளையுமாகப் பீச்சினாலோ, இரத்தம் கலந்து வந்தாலோதான் நோய்.

உடம்புச் சூடு: கோழியைத் தூக்கியதும் "காய்ச்சல் அடிக்குது" என்போம். நம் உடம்புச் சூடு 37 டிகிரி செல்சியஸ். கோழிக்கு இயல்பே சுமார் 41 டிகிரி. நல்ல கோழியும் நம் கைக்குச் சூடாகத்தான் இருக்கும். கால் சில்லிட்டு, உடம்பும் சூடு குறைந்து தெரிந்தால்தான் உடனே கவனிக்க வேண்டும்.

இறக்கையின் அடி: இறகை விலக்கிப் பேன், உண்ணி, காயம் பாருங்கள். நாய், கீரி கடித்த காயம் இறகுக்குள் மறைந்திருக்கும்.

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டிய மூன்று

1. தனியாக வையுங்கள். மற்ற கோழிகள் வராத இடத்தில் ஒரு பஞ்சாரமோ அட்டைப் பெட்டியோ போதும். கீழே வைக்கோலோ, பழைய பேப்பரோ, சாக்கோ விரியுங்கள். பேப்பர் விரித்தால் எச்சம் நன்றாகத் தெரியும். தினமும் மாற்ற வேண்டும். தண்ணீர்க் கிண்ணம், தீனித் தட்டு எல்லாம் இதற்குத் தனி. அடுப்படியிலும் படுக்கிற அறையிலும் வைக்காதீர்கள். திண்ணையோ கொட்டகையோ நல்லது.

2. கதகதப்பு கொடுங்கள். சோர்ந்த கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பது குளிரினால்தான். மழை, பனிக் காலத்தில் வெந்நீரை பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள். பழைய குண்டு பல்பு இருந்தால் சாக்கு, வைக்கோலில் படாதபடி உயரத்தில் தொங்கவிடலாம். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. பெட்டியின் மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும். வேண்டாம் என்றால் கோழியே நகர்ந்துகொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில் இதெல்லாம் வேண்டாம். வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் நிழலும் காற்றும்தான் தேவை.

3. தண்ணீர் கொடுங்கள். ஒரு நாள் தீனி இல்லாமல் கோழி தாங்கும். தண்ணீர் இல்லாமல் தாங்காது. கழிச்சல் உள்ள கோழி பெரும்பாலும் நீர் வற்றித்தான் சாகிறது. நம் குழந்தைக்குப் பேதி என்றால் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரையே கோழிக்கும் கொடுக்கலாம். கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். இரண்டு நாள் கொடுத்துவிட்டு வெறும் தண்ணீருக்கு மாறுங்கள்.

தண்ணீர் புகட்டும் முறை

இதில் கவனம் வேண்டும். மூக்கைப் பிடித்து, வாயைப் பிளந்து சங்கில் ஊற்றுவது போல ஊற்றினால் கோழி மூச்சு முட்டிச் செத்துவிடும். மூச்சுக்குழாய் வாய் நாக்கின் அடியோரத்திலேயே திறந்திருக்கிறது. தண்ணீர் அதற்குள் போனால் நுரையீரலுக்குப் போய்விடும்.

ஊசி இல்லாத சிரிஞ்சோ, மை ஊற்றும் ஃபில்லரோ எடுத்துக்கொள்ளுங்கள். கோழியைத் துணியில் சுற்றி மடியில் வையுங்கள். தலை நிமிர்ந்து இருக்கட்டும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். கோழி தானே விழுங்கும். விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் அளவு போதும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுங்கள். தலை தொங்கி நினைவில்லாமல் கிடக்கும் கோழிக்கு வாயில் எதையும் விடாதீர்கள்.

தண்ணீர் குடித்துத் தெளிந்த பிறகுதான் தீனி. நொய்க் கஞ்சி, கம்பங்கூழ், வேகவைத்த முட்டை மஞ்சள் கரு என்று மெத்தென்று இருப்பதைக் கொடுங்கள். தானாகக் கொத்தாவிட்டால் பட்டாணி அளவு உருண்டையாக்கி அலகுக்குள் வையுங்கள். அடுத்த தடவை கொடுக்கும் முன் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். முன்பு கொடுத்தது இறங்கியிருந்தால்தான் மேலும் கொடுக்க வேண்டும்.

எந்தச் சீக்குக்கு என்ன கவனிப்பு?

முட்டை சிக்கியிருந்தால்: கோழி நிமிர்ந்து, வால் தாழ்ந்து, முக்கிக்கொண்டு நிற்கும். ஒரு அகலப் பாத்திரத்தில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, வயிறு நனைய 15 முதல் 20 நிமிடம் உட்கார வையுங்கள். துடைத்து, முட்டை விடும் துவாரத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான கதகதப்பான இடத்தில் விடுங்கள். வயிற்றைப் பிசைந்து முட்டையை உடைக்கக் கூடாது. உள்ளே உடைந்த ஓடு முட்டைக் குழாயைக் கிழிக்கும். ஒரு நாளுக்குள் வராவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். இனி வராமல் இருக்க, கிளிஞ்சல் தூளோ, வறுத்து நொறுக்கிய முட்டை ஓடோ தீனியோடு வையுங்கள்.

தீனி அடைத்திருந்தால்: நார், நீளமான புல், பிளாஸ்டிக் துண்டு சிக்கியிருக்கும். தீனியை நிறுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் சில சொட்டு எண்ணெயும் அலகின் ஓரமாகக் கொடுத்து, தீனிப்பையை மெதுவாக நீவிவிடுங்கள். தலைகீழாகப் பிடித்துப் பிதுக்க வேண்டாம். மூச்சுக்குழாயில் அடைத்துவிடும்.

காயம்: சுற்றியுள்ள இறகைக் கத்தரித்து, உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரால் கழுவுங்கள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவுங்கள். ஈ மொய்க்காமல் கொசுவலைத் துணி போட்டு மூடுங்கள். காயம் ஆறும்வரை மற்ற கோழிகளோடு விடக் கூடாது. இரத்தச் சிவப்பைப் பார்த்தால் அவை கொத்தியே கொன்றுவிடும்.

அம்மை: கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் வந்து கறுத்துக் காயும். கொசு கடித்துப் பரவுகிறது. கொப்புளத்தைப் பிய்க்காதீர்கள். மஞ்சள், வேப்பெண்ணெயைக் கண்ணில் படாமல் தடவலாம். பெரும்பாலும் சில வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும். ஆனால் கண் மூடிப்போன கோழிக்குத் தீனி தெரியாது. பல கோழிகள் இப்படிப் பட்டினியில்தான் சாகின்றன. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரால் கண்ணைத் துடைத்து, கையால் ஊட்டினால் பிழைக்கும். வாய்க்குள்ளும் வெள்ளையாகப் படிந்திருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல்: ஈரத் தரைதான் காரணம். தரையை உலர்த்துங்கள், எச்சத்தை அள்ளுங்கள். இதற்குத் தண்ணீரில் கலக்கும் மருந்து உண்டு. கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்கி, அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும்.

சளி: மூக்கு ஒழுகி, முகம் வீங்கி, கொறகொறவென்று சத்தம் வரும். இது மற்ற கோழிகளுக்கும் தொற்றும். டாக்டர் சொல்லும் மருந்தை, சொன்ன நாள் வரை முழுதும் கொடுக்க வேண்டும்.

பாதி மாத்திரை வைத்தியம் வேண்டாம்

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கோழி வாயில் போடுவது பல ஊர்களில் பழக்கமாகிவிட்டது. எந்த நோய் என்று தெரியாமல், எடை தெரியாமல் போடும் மருந்து பலன் தராது. அந்த மருந்து முட்டையிலும் கறியிலும் தங்கி நம் பிள்ளைகள் வயிற்றுக்குத்தான் வரும். டாக்டர் மருந்து எழுதும்போதே, "எத்தனை நாள் கழித்து முட்டை சாப்பிடலாம், எத்தனை நாள் கழித்து கறிக்கு விற்கலாம்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது நாம் கேட்கவேண்டிய கேள்வி. கூச்சப்பட ஒன்றுமில்லை.

வெள்ளைக் கழிச்சல்: மருந்து கிடையாது, தடுப்பூசிதான் உண்டு

நம் கோழிகளை அதிகமாக அள்ளிக்கொண்டு போவது வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். ராணிக்கெட் என்பது உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள ஒரு மலை ஊர். 1920களில் இந்தியாவில் இந்த நோயை அங்கே கண்டறிந்ததால் அந்தப் பெயர்.

இறக்கை தொங்கும், கண் சொக்கும், வாயைத் திறந்து மூச்சு விடும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். இது வைரஸ் நோய். வந்த பிறகு குணப்படுத்த எந்த மாத்திரையும் கிடையாது. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கொடுப்பவர்கள் கொடுக்கலாம். ஆனால் தடுப்பூசிக்கு அது ஈடாகாது.

தண்ணீரும் கூழும் கையால் கொடுத்தால் ஒன்றிரண்டு பிழைக்கும். சிலதுக்குக் கழுத்துக் கோணல் அப்படியே நின்றுவிடும். பிழைத்த கோழியையும் சில வாரம் தனியாகவே வைக்க வேண்டும். அதன் எச்சத்தில் கிருமி வந்துகொண்டிருக்கும்.

தடுப்பு முறை இதுதான்:

- குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து (எஃப்1 அல்லது லசோட்டா).
- 4ஆவது வாரம் மறுபடியும் லசோட்டா சொட்டு.
- 8ஆவது வாரம் ஆர்2பி ஊசி. இதைக் கால்நடைப் பணியாளர் போடுவார்.

ஏற்கெனவே சீக்கில் இருக்கும் கோழிக்குத் தடுப்பூசி போடக் கூடாது. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தை ஒட்டி இலவசக் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. கோடைக்கு முன் போட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாதம்.

இங்கேதான் குழுவுக்கு வேலை வருகிறது. மருந்துப் புட்டி பெரும்பாலும் 100 கோழிக்கும் அதற்கு மேலும் போடுகிற அளவில்தான் வரும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. நம் வீட்டில் இருப்பதோ எட்டு, பத்து கோழி. தனியாகப் போனால், "பத்து கோழிக்கு யார் புட்டியை உடைப்பது?" என்ற பேச்சு வரும். 15 உறுப்பினர் வீட்டுக் கோழியைச் சேர்த்தால் ஒரே புட்டி சரியாகப் போகும். ஒருவர் ஐஸ் வைத்த பிளாஸ்கில் மருந்து கொண்டுவர, விடியற்காலையில் கூண்டு திறக்கும் முன் எல்லா வீட்டிலும் முடித்துவிடலாம். தனி வீட்டால் ஆகாத இந்த வேலை குழுவால் ஆகும்.

பறவைக் காய்ச்சலை மறக்கக் கூடாது

இந்தியாவில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் முதன்முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் உறுதியானது. அதன் பிறகு பல மாநிலங்களில் வந்து போயிருக்கிறது. தலை வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்து, கோழிகள் கூட்டமாகத் திடீரென்று செத்தால் சந்தேகப்பட வேண்டும். வெள்ளைக் கழிச்சலும் பார்வைக்கு இப்படியே இருக்கும். பரிசோதனை செய்தால்தான் எது என்று தெரியும். அதனால் கூட்டச் சாவு என்றால் வீட்டு வைத்தியம் கிடையாது. தொடாமல் தகவல் சொல்ல வேண்டும். இந்த நோய் மனிதருக்கும் வரலாம்.

சாதாரணச் சீக்கு என்றாலும் சில பழக்கங்கள் வேண்டும். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வையுங்கள், சீக்குக் கோழியிடம் கடைசியாகப் போங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். முடிந்ததும் கை, காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் சீக்குக் கோழியைத் தொட வேண்டாம்.

"சாகிறதுக்குள்ளே காசாக்கிடு"

இந்தப் பேச்சு நம் எல்லோர் வீட்டிலும் கேட்கிறது. கோழி தலை தொங்கியதும் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், இல்லையென்றால் அறுத்துக் குழம்பு வைக்கிறோம். கஷ்டப்பட்டு வளர்த்ததை மண்ணில் புதைக்க மனசு வராது. அது நியாயம்தான். ஆனால் சந்தைக்குப் போன அந்த ஒரு கோழி பத்து ஊருக்கு நோயைக் கொண்டுபோகிறது. அதை வாங்குகிறவளும் நம்மைப் போல ஒரு குழுப் பெண்ணாக இருப்பாள். அறுத்துக் கழுவிய தண்ணீரையும் குடலையும் குப்பையில் போட்டால், நம் மிச்சக் கோழிகளே அதைக் கிளறித் தின்று விழும். 200, 300 ரூபாயைக் காப்பாற்றப் போய்க் கூண்டே காலியாகும்.

செத்த கோழியைக் கிணறு, குளத்துக்குத் தள்ளி மூன்றடி ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நாய் தோண்டாமல் மேலே கல் வையுங்கள். பஞ்சாரத்தைக் கழுவி நல்ல வெயிலில் காயவையுங்கள். சாக்கு, வைக்கோலை எரித்துவிடுங்கள். சந்தையில் வாங்கிய கோழியோ, சொந்தக்காரர் கொடுத்த கோழியோ வந்தால் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் விடுங்கள்.

எவ்வளவு பார்த்தாலும் சில கோழி பிழைக்காது. இரண்டு நாள் கவனித்தும் தண்ணீர் கூட விழுங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

1. கடந்த ஒரு வருஷத்தில் நம் குழு வீடுகளில் எத்தனை கோழி சீக்கில் செத்தன? அதை விற்றிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.
2. நம் எல்லோர் வீட்டிலும் சேர்த்து எத்தனை கோழி, எத்தனை குஞ்சு இருக்கின்றன? ஒரு நோட்டில் எழுதுங்கள்.
3. தடுப்பு மருந்து கேட்டுக் கால்நடை மருந்தகத்துக்கு யார் இருவர் போவது? பிளாஸ்க் யார் வீட்டில் இருக்கிறது?
4. யார் வீட்டிலாவது இரண்டு கோழி சேர்ந்தாற்போல் விழுந்தால் உடனே யாருக்குச் சொல்வது?

இந்த நான்குக்கும் பதில் எழுதித் தீர்மான நோட்டில் சேர்த்துவிடுங்கள். தடுப்பூசி போட்ட தேதியையும், எத்தனை கோழிக்குப் போட்டீர்கள் என்பதையும் அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் உங்கள் பிரதிநிதி சொல்லட்டும்.